பாயின்ட் கார்டின் டிஃபென்ஸை எண்ணால் அளக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டா பக்கம் கூடைப்பந்து டோர்னமென்ட் நடந்தால், டேபிள் ஓரமாக ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருக்கும் ஆள் நான்தான். மேட்ச் முடிந்ததும் அப்பாக்கள், பி.இ.டி. சார்கள், தோற்றுப்போன டீமின் பையன்கள் எல்லாரும் வந்து கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்: பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன், டிஃபென்ஸில் எப்படி? நின்றபடியே பதில் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

என் பையன் ஒரு மேட்சுக்கு நாலைந்து ஸ்டீல் எடுக்கிறான். அவன் நல்ல டிஃபெண்டர் இல்லையா?

இருக்கலாம். ஸ்டீலை, அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்த எண்ணிக்கையை, மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது.

ஆலன் ஐவர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2001, 2002, 2003 என்று தொடர்ந்து மூன்று சீசன் அமெரிக்காவின் என்பிஏ லீகில் சராசரி ஸ்டீலில் முதலிடம் அவருக்குத்தான். லீகின் சிறந்த டிஃபெண்டர்கள் பத்துப் பேரை ஆண்டுதோறும் ஆல்-டிஃபென்சிவ் டீம் என்று தேர்ந்தெடுப்பார்கள். அதில் அவர் பெயர் ஒரு முறைகூட வந்ததில்லை. அப்போது ஓட்டுப் போட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல, எதிர் டீம்களின் கோச்சுகள். ஸ்டீஃபன் கரி கதையும் இதுதான். 2015-16 சீசனில் ஸ்டீலில் அவர்தான் முதல். டிஃபென்சிவ் டீமில் இடமில்லை.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. ஒரு டீம் கையில் பந்து வந்து, அது போகும்வரை உள்ள ஒரு வாய்ப்பை பொசெஷன் என்கிறோம். சாதாரணமாக ஒரு பொசெஷனுக்கு எதிராளி 0.9 புள்ளி எடுக்கிறான் என்று வையுங்கள். உங்கள் பையன் பந்தைத் தட்டப் பாய்கிறான். கிடைத்தால் அந்த 0.9 மிச்சம். எதிர்ப்பக்கம் ஓடிப்போய் எளிதாகக் கூடை போடுவதற்கு இன்னொரு 0.3 சேர்த்துக்கொள்வோம். மொத்த லாபம் 1.2. கிடைக்காவிட்டால் அவன் பின்னால் நிற்கிறான், நாலு பேர் ஐந்து பேரைச் சமாளிக்கிறார்கள், எதிராளியின் 0.9 இப்போது 1.3 ஆகிறது. ஒவ்வொரு தோல்விக்கும் 0.4 நஷ்டம். நாலு முறை பாய்ந்து ஒன்று கிடைத்தால் லாபம் 1.2, நஷ்டமும் 1.2. கைக்காசு கைக்கே. ஐந்தில் ஒன்று என்றால் நஷ்டம் 1.6. மூன்றில் ஒன்று என்றால் நல்ல வியாபாரம்.

ஸ்டாட் ஷீட்டில் கிடைத்ததுதான் ஏறும். பாய்ந்து தவறவிட்டதற்குக் கட்டமே கிடையாது. வரவு மட்டும் எழுதிய கணக்குப் புத்தகத்தை வைத்து ஒரு கடை லாபத்தில் ஓடுகிறதா என்று சொல்வீர்களா?

அப்படியானால் ஸ்டீலுக்கு மதிப்பே இல்லையா?

நிறைய இருக்கிறது. எதிராளியைப் பூஜ்யத்தில் நிறுத்தி, நமக்கு எளிய கூடையும் தருகிற ஒரே டிஃபென்ஸ் அதுதான். ஜான் ஸ்டாக்டன் தன் காலத்தில் எடுத்த 3,265 ஸ்டீல் இன்னும் முறியாத சாதனை. ஆனால் அவர் ஆள் தெரியாமல் பாய்கிறவர் அல்ல. 1995-96-ல் கேரி பேட்டன் ஸ்டீலிலும் முதல், சிறந்த டிஃபெண்டர் விருதும் அவருக்கே. 2024-25-ல் அட்லாண்டாவின் டைசன் டேனியல்ஸ் 229 ஸ்டீல் எடுத்தார், மேட்சுக்கு மூன்று. அவரை ஆல்-டிஃபென்சிவ் டீமின் முதல் ஐந்து பேரில் எடுத்தார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். பேட்டனுக்குப் பிறகு கார்டு ஒருவருக்கு அந்த விருது கிடைக்க 2022 வரை ஆனது. கிடைத்தவர் மார்கஸ் ஸ்மார்ட். அந்த சீசனில் அவருடைய ஸ்டீல் மேட்சுக்கு 1.7 தான். ஸ்டீல் ஒரு துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே விசாரிக்கலாம், அதை வைத்தே தீர்ப்பு எழுதக் கூடாது.

பாயின்ட் கார்டை மட்டும் ஏன் தனியாக அளக்க வேண்டும்?

நம்ம ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கே ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பது கடைமடையில் இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிவது வயலில் தண்ணீர் வந்ததா, மூழ்கியதா என்பது மட்டும்.

பாயின்ட் கார்டு நிற்பது தலைமதகில். எதிர் டீமின் ஆட்டம் அவனைத் தாண்டித்தான் தொடங்குகிறது. அவன் ஒரு தோள் அகலம் விட்டுக்கொடுத்தால், நடுவில் நிற்கும் சென்டர் தன் ஆளை விட்டு உதவிக்கு வருவான். சென்டர் விட்ட ஆளை அடைக்க ஓரத்தில் நிற்பவன் வருவான். கடைசியில் மூலையில் தனியாக நிற்கிறவன் நிதானமாக ஷாட் போடுவான். மூலையில் காக்க வேண்டிய பையனைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். கோச் டைம்-அவுட் கேட்பதும் அவனைத் திட்டத்தான். உடைப்பு எடுத்ததோ மூன்று பாஸுக்கு முன்னால்.

சென்டருக்கு பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது), ரீபவுண்டு (விழாத ஷாட்டின் பந்தை எடுப்பது) என்று எண்ணுவதற்குப் பொருள் இருக்கிறது. பாயின்ட் கார்டின் நல்ல வேலை பெரும்பாலும் நடக்காமல் போனதில் இருக்கிறது. போகாத பாஸ், தொடங்காத செட் (திட்டமிட்டு ஆடும் ஆட்டம்), வராத டிரைவ் (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வது). இவற்றை எப்படி எண்ணுவது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

குள்ளமான பையன் டிஃபென்ஸில் தேறுவானா? பிளாக் ஒன்றும் வரவில்லையே?

பிளாக்கை மறந்துவிடுங்கள். மக்ஸி போக்ஸ் உயரம் 5 அடி 3 அங்குலம். என்பிஏ-வில் 14 சீசன் ஆடினார், மொத்தம் 39 பிளாக். (அதில் ஒன்று 7 அடி பேட்ரிக் யூயிங்கின் ஷாட். அது வேறு கதை.) அவருக்கு எதிராகப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வருவதே பெரும்பாடு என்பதுதான் அவருடைய டிஃபென்ஸ். உயரத்தால் வரும் உண்மையான சிக்கல் ஸ்விட்ச்: ஸ்கிரீனில் (எதிர் டீம் ஆள் குறுக்கே நின்று காப்பவனை மறிப்பதில்) ஆள் மாறி உயரமானவன் இவன் மீது வந்து நின்றால் என்ன செய்கிறான்? அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அவன் காத்த ஆள் எத்தனை புள்ளி எடுத்தான் என்று பார்த்தால் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வருஷம் முன்பு ஒரு கோச்சிடம், "சார், உங்க பாயின்ட் கார்டு மேல இருபது புள்ளி போட்டுட்டான், பார்த்துக்குங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எந்தக் கூடை எவன் மேல போட்டதுன்னு எழுதியிருக்கீங்களா?" என்றார். எழுதவில்லை. இருவர் நம்பரையும் பார்த்து, அவன் புள்ளி எல்லாம் இவன் தலையில் என்று போட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் யாரோ போனில் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் ஸ்விட்ச் ஆன பிறகு வந்தவை, சில ஃபாஸ்ட் பிரேக்கில் (காப்பவர்கள் திரும்பி வருவதற்குள் ஓடிப்போய் போட்டதில்) வந்தவை. பையன் மீது நேராக விழுந்தது கொஞ்சம்தான். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இதில் மூன்று பள்ளம் இருக்கிறது. முதலாவது, யார் யாரைக் காத்தது என்பது ஒரு பொசெஷனுக்குள்ளேயே இரண்டு முறை மாறும். இரண்டாவது, நல்ல டிஃபெண்டரைத்தான் கோச் எதிர் டீமின் முக்கிய ஆட்டக்காரன் மேல் விடுவார். புள்ளி வாங்கிக் கட்டிக்கொள்வதே அவன் வேலை. சுமாரான ஆளை மூலையில் சும்மா நிற்பவன் மேல் ஒளித்து வைப்பார்கள், அவன் கணக்கு சுத்தமாக இருக்கும். மூன்றாவது அதிர்ஷ்டம். தூரத்து மூன்று புள்ளி ஷாட் விழுவதும் விழாததும் பெரும்பாலும் காப்பவன் கையில் இல்லை. எத்தனை ஷாட் போடவே விட்டான் என்பதில்தான் அவன் கை இருக்கிறது. அதனால் நான் எதிராளி போட்ட ஷாட்டின் சதவீதத்தை எழுதுவதில்லை, எண்ணிக்கையை எழுதுகிறேன்.

டிஃபென்சிவ் ரேட்டிங் என்கிறார்களே, அது என்ன?

நூறு பொசெஷனுக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்பது. குறைந்தால் நல்லது. பொசெஷனை ஒவ்வொன்றாக எண்ணாவிட்டாலும் தோராயமாக வரும்: எதிராளி போட்ட ஷாட், அதோடு ஃப்ரீ த்ரோவில் (பௌலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) 0.44 பங்கு, அதோடு டர்னோவர் (ஷாட் போடாமலே பந்தை இழந்தது), அதில் அவர்கள் எடுத்த அஃபென்சிவ் ரீபவுண்டை (தாங்கள் தவறவிட்ட ஷாட்டின் பந்தைத் தாங்களே எடுத்தது) கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு 60 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 18 டர்னோவர், 12 அஃபென்சிவ் ரீபவுண்டு என்றால் 60 + 8.8 + 18 − 12 = 74.8 பொசெஷன். புள்ளி 63 என்றால் ரேட்டிங் 84.2.

டீமுக்கு இது அருமையான எண். வேகமாக ஆடும் டீமையும் மெதுவாக ஆடும் டீமையும் ஒரே தராசில் நிறுத்தும். சிக்கல் எங்கே என்றால், இணையதளங்களில் ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயருக்கு நேராகவும் டிஃபென்சிவ் ரேட்டிங் போட்டிருப்பார்கள். அதற்கான வழியை டீன் ஆலிவர் 2004-ல் வந்த புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். ஸ்டீல், பிளாக், டிஃபென்சிவ் ரீபவுண்டு, பௌல் தவிர மீதி எல்லாவற்றையும் அது டீமின் மொத்தக் கணக்கிலிருந்துதான் பங்கு பிரிக்கிறது. நல்ல சென்டர் இருக்கும் டீமில் சுமாரான பாயின்ட் கார்டுக்கும் அழகான ரேட்டிங் வரும். ஒரே பம்ப் செட்டில் பாயும் ஐந்து வயலுக்கும் ஒரே விளைச்சல் என்று எழுதுவது மாதிரி.

பிளஸ்-மைனஸ்?

அவன் கோர்ட்டில் இருந்தபோது நாம் எடுத்த புள்ளியிலிருந்து விட்ட புள்ளியைக் கழிப்பது. டிஃபென்ஸ் மட்டும் வேண்டுமென்றால் விட்ட புள்ளியை மட்டும் பார்க்கலாம். எளிது, நேர்மையானது, ஆனால் ஏமாற்றும்.

40 நிமிட மேட்சில் ஒருவன் 24 நிமிடம் ஆடுகிறான், அப்போது 36 புள்ளி போகிறது. அவன் உட்கார்ந்த 16 நிமிடத்தில் 20 தான் போகிறது. 40 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் அவன் இருக்கும்போது 60, இல்லாதபோது 50. அவனைத் தூக்கிவிட வேண்டியதுதானா? பொறுங்கள். எதிர் டீமின் நல்ல ஐந்து பேர் உட்காரும்போதுதான் நம்ம கோச்சும் இவனை உட்கார வைக்கிறார். மாற்று ஆள் மோதியது அவர்களுடைய மாற்று ஆட்களோடு.

இதைச் சரிசெய்யத்தான், கோர்ட்டில் இருக்கும் பத்துப் பேரையும் ஒரே சமன்பாட்டில் போட்டு, யாரோடு யார், யாருக்கு எதிராக யார் என்று பிரித்தெடுக்கும் சரிசெய்த பிளஸ்-மைனஸ் முறைகள் வந்தன. என்பிஏ மாதிரி 82 மேட்ச் ஆடும் இடத்தில் அது வேலை செய்யும். அங்கேயும் ஒரு சீசன் போதாது என்பார்கள். நமக்கு வருஷத்துக்கு நாலைந்து டோர்னமென்ட், அதில் பாதி நாக்-அவுட். முதல் ரவுண்டிலேயே வெளியே போன டீமுக்கு ஒரே மேட்ச். சமன்பாடு பாவம் என்ன செய்யும்?

என்பிஏ-வில் கேமரா வைத்து அளக்கிறார்களாமே?

ஆமாம். 2013-14 சீசனிலிருந்து எல்லா மைதானங்களிலும் கூரையில் கேமரா வைத்து, வினாடிக்கு 25 முறை பந்தையும் ஆட்களையும் படம் பிடித்தார்கள். 2016 பிளே-ஆஃபிலிருந்து இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். பந்தில் விரல் பட்டுத் திசை மாறியது, ஷாட்டுக்குக் கை தூக்கிப் போனது, தரையில் உருண்ட பந்தை எடுத்தது, மோதலை வாங்கி அஃபென்சிவ் பௌல் வரவைத்தது எல்லாவற்றையும் எண்ணி வெளியிட்டார்கள். பாயின்ட் கார்டுக்கு இதில் மிக உபயோகமானது விரல் பட்ட கணக்கு. ஸ்டீலைவிட அதிகமுறை நடக்கும், அதனால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். இதற்குக் கேமராவும் வேண்டியதில்லை. நோட்டு போதும்.

நம்ம ஊரில் நோட்டை வைத்து என்ன எழுதுவது?

முதலில் ஒன்று. அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டில் புள்ளி, பௌல், டைம்-அவுட் இவ்வளவுதான் இருக்கும். ஸ்டீல் கூட இருக்காது. ஆர்வமுள்ள யாராவது ஸ்டாட் ஷீட் தனியாக எழுதினால்தான் உண்டு. ஆகவே டிஃபென்ஸ் வேண்டுமென்றால் நாமே எழுத வேண்டும்.

என் நோட்டில் ஒரு பொசெஷனுக்கு ஒரு வரி. நம்ம பாயின்ட் கார்டு மேல் மட்டும் கண். எதிராளி பந்தை எடுத்ததிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டும்வரை மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். எட்டு வினாடிக்குள் தாண்ட வேண்டும் என்பது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி. ஷாட் போட மொத்தம் 24 வினாடி. முழுக் கோர்ட்டும் கூடவே வந்து ஏழு வினாடியைத் தின்றுவிட்டால், செட் ஆடப் பதினேழுதான் மிச்சம். பல கோர்ட்டுகளில் ஷாட் கிளாக்கே கிடையாது, அங்கே இந்தக் கணக்குக்கு அவ்வளவு மதிப்பில்லை. இருந்தாலும் எழுதுவேன், பையன் சோம்பேறியா இல்லையா என்று தெரியும்.

அடுத்தது "உ". உடைப்பு. பந்து வைத்திருப்பவனின் தோள் நம்ம ஆளைத் தாண்டி, கால் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள்) போனால் ஒரு உ. கூடை விழுந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. சென்டர் வந்து காப்பாற்றியிருக்கலாம், அது சென்டரின் புண்ணியம். இதில் ஒரு எச்சரிக்கை: சில கோச்சுகள் வேண்டுமென்றே பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கம் தள்ளச் சொல்வார்கள், அங்கே சென்டர் காத்திருப்பான். அதனால் மேட்சுக்கு முன்பே, "சார், எந்தப் பக்கம் தள்ளச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டுக்கொள்வேன். சொன்ன பக்கம் போனால் உ கிடையாது.

ஸ்கிரீனுக்கு மூன்று குறி. ஸ்கிரீனுக்கு மேலே, பந்துப் பக்கமாக ஏறி வந்தால் "மே", கீழே, கூடைப் பக்கமாகச் சுற்றி வந்தால் "கீ", அதில் சிக்கிச் செத்தால் "மா", அதாவது மாட்டிக்கிட்டான். ஷாட் போடத் தெரியாத கார்டுக்கு எதிரே கீழே போவது புத்திசாலித்தனம், நன்றாகப் போடுபவனுக்கு எதிரே அதே வேலை முட்டாள்தனம். மா மட்டும் எப்போதுமே மோசம். விரல் பட்டால் "வி". பாய்ந்து தவறினால் வி மேல் ஒரு கோடு. முதல் கேள்வியில் சொன்ன செலவுக் கணக்கு அந்தக் கோடுதான்.

கடைசிக் குறி "வே". வேறு ஆள். இதைச் சொல்ல ஒரு சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும்.

மன்னார்குடியில் ஒரு சிமென்ட் கோர்ட். மழை விட்டிருந்தது, கோணிச்சாக்கை இழுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆரம்பித்தார்கள். 7-ஆம் நம்பர் பையன், ஒல்லி, பள்ளிக்கூட டிராயரோடு ஆடுகிறவன். எதிர் டீமின் பாயின்ட் கார்டு முந்தின நாள் ஆடியதைப் பார்த்து எல்லாரும் மிரண்டிருந்தார்கள். இரண்டாவது குவார்ட்டரில் நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அந்தக் கார்டு மூலையில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். அவர்களுடைய சென்டர், ஆறடிக்கு மேல், குனிந்து பந்தையே பார்த்தபடி ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்துகொண்டிருந்தான். 7-ஆம் நம்பர் மூலையில், அந்தக் கார்டுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு கையை நீட்டியபடி நின்றான். பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை. அன்றைக்கு ஸ்டாட் ஷீட்டில் அவன் வரியில் ஸ்டீல் பூஜ்யம். என் நோட்டில் வே, வே, வே என்று ஒரு பக்கம் முழுக்க. பெஸ்ட் டிஃபெண்டர் பரிசு ஸ்டீல் அதிகம் எடுத்த வேறு பையனுக்குப் போனது. டேபிளில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வயிறெரிந்தது, அவன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

பௌலை டிஃபென்ஸ் கணக்கில் சேர்க்கணுமா?

கட்டாயம். ஐந்து பௌல் ஆனால் வெளியே. டீமுக்கு ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது பௌலிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டப் போய் வாங்கும் பௌலைத் தனி நிறத்தில் எழுதுவேன். ஆபத்தே இல்லாத இடத்தில் அள்ளிக் கொடுத்த தானம் அது. ஃபாஸ்ட் பிரேக்கை நிறுத்த வாங்கிய பௌல் வேறு ரகம், அதை நான் குறையாக எழுதுவதில்லை.

எத்தனை மேட்ச் எழுதினால் நம்பலாம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரு பையன் உண்மையில் பாதி பொசெஷனில் கார்டை உள்ளே விடாமல் நிறுத்தக்கூடியவன் என்று வையுங்கள். 40 பொசெஷன் பார்த்தால் சும்மா தற்செயலாலேயே எட்டு சதவீதம் மேலே கீழே போகும். 42-ஐயும் பார்க்கலாம், 58-ஐயும் பார்க்கலாம், ஆள் ஒருவனே. 400 பார்த்தால் அந்த ஏற்ற இறக்கம் இரண்டரை சதவீதமாகச் சுருங்கும். பத்து மடங்கு எழுதினால் மூன்று மடங்குதான் தெளிவு கூடும், என்ன செய்வது.

அதனால் நான் ஒரு மேட்சை வைத்து இரண்டு பையன்களை ஒப்பிடுவதில்லை. மேட்சுக்கு மேட்ச் எதிர் டீமும் மாறுகிறதே. டீம் பிராக்டிஸில் ஐந்துக்கு ஐந்து ஆடும்போதும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நானூறு வந்துவிடும்.

செலக்‌ஷனுக்கு ஒரே ஒரு எண்தான் கேட்கிறார்கள். எதைக் கொடுப்பது?

பந்து வைத்திருப்பவனைக் காத்த பத்து பொசெஷனுக்கு எத்தனை உ. இடம் இருந்தால் பக்கத்திலேயே வே-யையும் எழுதிக் கொடுப்பேன், ஏனென்றால் பந்தே வராதபோது உ வர வழியில்லை. மன்னார்குடி 7-ஆம் நம்பர் மாதிரிப் பையனுக்குக் காட்ட எண் குறைவாகத்தான் இருக்கும்.

எண்ணில்லாத ஒரு வழியும் வைத்திருக்கிறேன். மேட்ச் முடிந்து ஷூ கழற்றிக்கொண்டிருக்கும் எதிர் டீம் பாயின்ட் கார்டிடம் போய், "தம்பி, இந்த டோர்னமென்ட்ல உனக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்தது யாருப்பா?" என்று கேட்பேன். யோசிக்காமல் சொல்வார்கள். என் நோட்டும் அவர்கள் பதிலும் ஒத்துப்போகாதபோது, முதலில் நோட்டைத்தான் திரும்பப் பார்க்கிறேன்.

நோட்டு மாதிரி கிடைக்குமா? தனியாளாக எழுத முடியுமா?

தனியாளாக முதல் குவார்ட்டர் தாங்கும். அப்புறம் கழுத்து வலிக்கும், ஒரு வே-யைத் தவறவிடுவீர்கள். ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதினால் நாற்பது நிமிடமும் ஓடும். என் தங்கச்சி மகள்தான் எனக்கு எழுதுகிறாள், ஒன்பதாம் வகுப்பு, என்னைவிட அவள் கண் கூர்மை. மாதிரிப் பக்கம் வேண்டுமென்றால் அடுத்த டோர்னமென்ட்டில் டேபிள் பக்கம் வாருங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். மேட்ச் நடக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.